மதுச்சார்பு: அறிகுறிகளை இனங்காணுதல்

மதுச்சார்பு என்பது மது இல்லாமல் உடலும் மனமும் இயல்பாக இயங்க முடியாத அளவுக்குக் குடிப்பழக்கம் முற்றிய நோய்நிலை; குடிநோய் என்றும் வழங்கும். தெருவில் விழுந்து கிடப்பவரையும் வீட்டில் கைநீட்டுபவரையும்தான் ஊர் குடிநோயாளி என்கிறது. ஆனால் நோயின் தொடக்க அடையாளங்கள் பெரும்பாலும் சத்தமில்லாதவை. அவற்றுள் ஒன்று பாராட்டுகூடப் பெறுகிறது: 'எவ்வளவு அடிச்சாலும் அசைய மாட்டான்.' அந்த அசையாமை மூளை மதுவுக்குப் பழகிவிட்டதன் சான்று. 180 மி.லி. குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. முன்பு அதில் பாதியான கட்டிங்கிலேயே தடுமாறியவர் இன்று முழு குவார்ட்டருக்குப் பின்னும் தெளிவாகப் பேசுகிறார் என்றால், போதைக்குத் தேவைப்படும் அளவு கூடிவிட்டது என்றே பொருள். கல்லீரலுக்கு அந்த 60 கிராமும் 60 கிராம்தான்.

1976இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் என்ற மருத்துவர்கள் இந்நோயின் கூறுகளைத் தொகுத்து விவரித்தார்கள். அவற்றுள் குடும்பத்தார் கண்ணில் எளிதாகப் படக்கூடியது காலை நடுக்கம். மது மூளையின் பரபரப்பைத் தணிக்கிறது. நாள்தோறும் அப்படித் தணிக்கப்படும் மூளை, ஈடுகட்டத் தன் பரபரப்பைக் கூட்டிவைத்துக்கொள்கிறது. இரவு குடித்தது இறங்கியதும் அந்தப் பரபரப்பு மட்டும் எஞ்சுகிறது. டீ கிளாஸைப் பிடிக்கும் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும். கொஞ்சம் குடித்தவுடன் எல்லாம் அடங்கும். இந்தக் கட்டத்தில் இருப்பவர் நடுக்கம் நிற்பதற்காகவே குடிக்கிறார். மருத்துவர் ஜான் யூயிங் 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகள் கொண்ட 'கேஜ்' சோதனையில், காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா என்பதும் ஒரு கேள்வி.

குடிநோய் என்று சுட்டிக்காட்டினால் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு: 'மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாளும் தொடுவதில்லை, அடிமையாக இருந்தால் முடியுமா?' முடியும். சபரிமலை விரதத்தில் உடை மாறுகிறது, எல்லோரும் 'சாமி' என்றழைக்கிறார்கள், குடிக்கும் நண்பர்கள் கூப்பிடுவதில்லை. ஊரே சேர்ந்து கட்டிய வேலி அது. அந்த விரதத்தின் உறுதியைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அளவோடு நிறுத்தும் திறன் அங்கே சோதிக்கப்படவே இல்லை. மாலையைக் கழற்றிய பிறகு நடப்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறிய அளவு சில நாட்களில் பழைய இடத்துக்கே வந்து நின்றால், அதுவே எட்வர்ட்ஸும் கிராஸும் குறித்த இன்னொரு கூறு. வேலைக்குத் தவறாமல் போகிறார் என்ற வாதமும் இப்படிப்பட்டதே. வேலை கடைசியில்தான் கெடும். அதற்கு முன்பே பிள்ளையின் பள்ளி விழாவும் உறவினர் கல்யாணமும் மதுக்கடை திறக்கும் நேரத்துக்குத் தக்கபடி தள்ளிப்போயிருக்கும். சாப்பாடும் தூக்கமும் சுருங்கியிருக்கும்.

அடையாளங்களை முன்கூட்டியே அறிவது உயிரையும் காக்கும். கடுமையாகச் சார்ந்துவிட்டவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தவைப்பது அன்பின் பெயரால் நடக்கும் ஆபத்து. நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், நாள் கிழமை தெரியாத குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது ஆகியவை சேர்ந்து வரும். இதைப் பேய் பிடித்ததாக எண்ணிக் கோயிலுக்கு அழைத்துப்போகும் வீடுகள் உண்டு. உடனே போக வேண்டியது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு. அங்கே பரபரப்பைத் தணிக்கும் மருந்தும், நீண்டகாலக் குடியால் குறைந்துபோன தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். முன்பே அழைத்துச் சென்றால் இந்தக் கட்டத்தை மருத்துவக் கண்காணிப்பில் பாதுகாப்பாகக் கடக்கலாம். ஆனால் இந்தியாவில் 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுச்சார்பு உள்ளவர்களில் ஏறத்தாழ 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார்.