நீர்க்குடுவையும் நீள்கரண்டியும்

சிங்கிள் மால்ட்டை எப்படிக் குடிப்பது என்பதில் இரண்டு நாடுகள் மற்ற எவரையும்விடக் கூடுதலாக மெனக்கெட்டிருக்கின்றன. ஒன்று அதைப் பெற்ற ஸ்காட்லாந்து. மற்றது அதனிடம் பாடம் கேட்ட ஜப்பான். எடின்பரோ பார் ஒன்றில் டாலிஸ்கர் கேட்டால், அடி பருத்து வாய் குறுகிய சிறு கோப்பையில் 25 அல்லது 35 மில்லி வரும். அருகில் ஒரு குட்டி நீர்க்குடுவை இருக்கும். டோக்கியோவின் கின்சா பகுதியில் அதே டாலிஸ்கரை ஹைபாலாகக் கேட்டால், உயரமான கிளாஸில் தெளிந்த ஐஸ், 30 மில்லி விஸ்கி, மூன்று நான்கு மடங்கு சோடா என்று வரும். ஊற்றுபவர் கையில் முறுக்கிய நீள்கரண்டி இருக்கும். முதலாவதைத் தவமென்றும் இரண்டாவதைக் கேளிக்கையென்றும் பிரித்துவிடுவது எளிது. அருகருகே வைத்து எடைபோடத் தொடங்கினால் அந்தப் பிரிவினை நெடுநேரம் தாங்குவதில்லை.

வேறுபாடு முதலில் எண்களில் தெரிகிறது. டாலிஸ்கர் 10 ஆண்டு மால்ட் 45.8 விழுக்காடு ஆல்கஹாலுடன் அடைக்கப்படுகிறது. அதன் 25 மில்லியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டால் 38 விழுக்காட்டுக்கு இறங்கும். 30 மில்லியில் 120 மில்லி சோடா ஊற்றினால் 9 விழுக்காட்டுக்குச் சரியும். ஆனால் இந்த இருவருக்கும் முன்பே வேறொரு கை தண்ணீர் ஊற்றிவிட்டது. புதிதாக வடித்த சரக்கு பெரும்பாலும் 63.5 விழுக்காட்டில் பீப்பாய்க்குள் போகிறது. ஆண்டுகள் கழிந்து வெளிவரும்போதும் பல பீப்பாய்களில் 50-க்கு மேலேயே நிற்கிறது. அதை 40-க்கோ 46-க்கோ கொண்டுவருவது வடிசாலையின் தண்ணீர். அபெர்லவர் அபூனா போலப் பீப்பாய் வலிமையிலேயே அடைக்கப்படும் சிலவற்றை விலக்கினால், தண்ணீர் கலக்காதது என்று பெருமையோடு நீட்டப்படும் கோப்பை ஏற்கெனவே தண்ணீர் கண்டதுதான். ஆகவே நாம் ஒப்பிட வேண்டியது தண்ணீர் உண்டா இல்லையா என்பதை அல்ல. எவ்வளவு, எப்போது, யார் கையால் என்பதை.

யார் கையால் என்பதில்தான் இரு மரபுகளும் மெய்யாகவே பிரிகின்றன. ஸ்காட்லாந்தில் குடுவை விருந்தினர் பக்கம் வைக்கப்படுகிறது. பரிமாறுபவர் அளந்து ஊற்றுவதோடு ஒதுங்கிக்கொள்வார். எத்தனை துளி என்பது குடிப்பவரின் முடிவு. ஜப்பானில் அந்த முடிவு மேசைக்கு அந்தப் பக்கமே எடுக்கப்பட்டுவிடுகிறது. மிசுவாரி என்னும் தண்ணீர்க் கலவைக்குச் சொல்லப்படும் கணக்கைப் பாருங்கள்: ஐஸின்மேல் விஸ்கியை ஊற்றிப் பதின்மூன்றரைச் சுற்று கலக்க வேண்டும், உருகிய ஐஸை ஈடுசெய்து, தண்ணீர் விட்டு, மீண்டும் மூன்றரைச் சுற்று. விஸ்கி குளிர்ந்த பிறகே தண்ணீர் இறங்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். வெதுவெதுப்பான விஸ்கியில் தண்ணீரும் ஐஸும் ஒருசேர விழுந்தால் ஐஸ் வேகமாகக் கரைந்து அளவு கைமீறிப் போகும். ஸ்காட்லாந்தில் துல்லியம் மூக்கின் வேலை. ஜப்பானில் அது மணிக்கட்டின் வேலை.

கருவிகளும் இதற்கேற்பவே அமைந்திருக்கின்றன. கிளென்கெய்ர்ன் எனப்படும் அந்தச் சிறு கோப்பையின் பருத்த வயிறு ஆவியைச் சேர்த்துவைக்கிறது, குறுகிய வாய் அதை மூக்குக்கு ஒழுங்காக அனுப்புகிறது, உள்ளங்கைச் சூடு மெல்லத் துணைபுரிகிறது. ஹைபால் கிளாஸ் இதற்கு நேர்மாறு: கைச்சூட்டைத் தள்ளிவைக்கிறது, ஆவியைச் சிறைபிடிக்க முயல்வதே இல்லை. குளிர் மணத்தை ஒடுக்கும் என்பது ஜப்பானியப் பார்காரருக்கும் தெரியும். அதனால் அவர் அந்த வேலையைக் குமிழிகளிடம் கொடுக்கிறார். மேலெழுந்து வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் மணத்தைத் தூக்கிவருகிறது. சோடாவை ஐஸில் படாமல் பக்கவாட்டில் ஊற்றுவதும், கரண்டியால் ஒரே ஒருமுறை ஐஸைத் தூக்கிவிட்டு நிறுத்துவதும் குமிழி சாகாமல் காக்கத்தான். ஒருவர் ஆவியைத் தேக்குகிறார், மற்றவர் ஓடவிடுகிறார். இருவர் குறியும் மூக்குதான்.

வேதியியலும் இந்த உறவுக்குச் சாட்சி சொல்கிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் 2017-இல் ஒரு கணினி ஆய்வை வெளியிட்டார்கள். புகைமணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, தண்ணீரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் எங்கே நிற்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 விழுக்காடு வரை இருக்கும்போது அது மேற்பரப்பை நாடி நிற்கிறது. 59 விழுக்காட்டைத் தாண்டினால் ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளே அமிழ்கிறது. எடின்பரோவின் துளிக்கும் கின்சாவின் சோடாவுக்கும் பொதுவான நியாயம் இதிலிருக்கிறது. இருவரும் கண்ணால் காணும் ஒற்றுமையும் ஒன்று உண்டு. குளிர்வடிகட்டல் செய்யாத மால்ட் ஐஸ் பட்டாலும் கலங்கும், தண்ணீர் கூடினாலும் கலங்கும். கரையாமல் பிரியும் கொழுப்பமில எஸ்டர்களின் வேலை அது. கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல.

வயதைக் கேட்டால் வியப்பு இன்னும் கூடுகிறது. மூக்கைக் கோப்பைக்குள் விட்டு முகர்ந்து குடிக்கும் முறை பாட்டன் காலத்தது என்றே நினைக்கத் தோன்றும். அந்தக் கிளென்கெய்ர்ன் கோப்பையோ 2001-இல்தான் சந்தைக்கு வந்தது; கிழக்கு கில்பிரைடைச் சேர்ந்த ரேமண்ட் டேவிட்சன், கலவை வல்லுநர்கள் முகர்ந்து பார்க்கப் பயன்படுத்திய கோப்பீட்டா கிண்ணத்தை ஒட்டி அதை வடிவமைத்தார். சிங்கிள் மால்ட்டைத் தனிச் சரக்காக வெளிநாட்டுச் சந்தைகளில் கிளென்ஃபிடிக் முனைந்து விற்கத் தொடங்கியது 1963-இல். அதற்கு முன் ஸ்காட்லாந்தின் சாதாரணப் பாரில் விஸ்கி என்றால் பெரும்பாலும் கலவை விஸ்கி. துணைக்கு அரை பைண்ட் பியர், தண்ணீர், சில வேளை லெமனேட்.

ஹைபாலையோ நாம் நவீன ஜப்பானின் விளையாட்டு என்று எண்ணுகிறோம். ஆனால் விஸ்கியும் சோடாவும் விக்டோரியா காலப் பிரிட்டனில் கைகோத்தவை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்செரா பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, பிராந்தி-சோடா குடித்துவந்த ஆங்கிலேய மேட்டுக்குடி விஸ்கி-சோடாவுக்கு மாறியது. ஜப்பானில் 1950-களின் டோரிஸ் பார்கள் ஹைபாலைச் சம்பளக்காரர்களின் பானமாக்கின. நடுவில் மங்கிப்போனதை 2008-ஐ ஒட்டிச் சன்டோரி நிறுவனம் மறுபடி தூக்கி நிறுத்தியது. பழைய பிரிட்டிஷ் வழக்கத்தை ஜப்பான் காத்துவர, ஸ்காட்லாந்து புது வழக்கம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் கொடுக்கல்வாங்கலுக்கு ஒரு மனித முகமும் உண்டு. 1918-இல் ஸ்காட்லாந்து போன மசடாகா டாகெட்சுரு, கிளாஸ்கோவில் படித்து, லாங்மோர்ன், ஹேசல்பர்ன் வடிசாலைகளில் தொழில் பழகி, ரீட்டா கோவனை மணந்து, 1920-இல் ஊர் திரும்பினார். சன்டோரி நிறுவனர் ஷின்ஜிரோ டோரீயுடன் சேர்ந்து யமசாகி வடிசாலையை எழுப்பினார். அங்கிருந்து 1929-இல் வந்த ஷிரோஃபுடா விஸ்கி, ஸ்காட்ச் பாணியை அப்படியே பின்பற்றியதால் விலைபோகவில்லை. அந்தப் புகை உள்ளூர் நாக்குக்கு ஒத்துவரவில்லை. டாகெட்சுரு பிரிந்து போய் 1934-இல் ஹொக்கைடோவின் யோய்ச்சியில் ஸ்காட்லாந்தைப் போன்ற குளிரைத் தேடிக்கொண்டார். டோரீ சரக்கை மென்மையாக்கினார். பின்னாளில் மிசுவாரி செய்ததும் அதே சமரசத்தைத்தான், ஆனால் புட்டிக்குள் அல்ல, கிளாஸுக்குள். 12 விழுக்காட்டை ஒட்டி இறங்கிய விஸ்கி, அரிசி வைன் இருந்த இடத்தில், மீனுக்கும் சோற்றுக்கும் பக்கத்தில் உட்கார முடிந்தது.

சாப்பாடு இருவரையும் பிரிக்கும் கோடு என்று இங்கே முடிவுகட்டத் தோன்றும்: ஸ்காட்லாந்தில் மால்ட் விருந்துக்குப் பின்னால், ஜப்பானில் விருந்தின் நடுவே. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. அங்கே பச்சைச் சிப்பியின்மேல் உள்ளூர் மால்ட்டைச் சொட்டவிட்டு விழுங்குவார்கள். அதைத் தன் விஸ்கிப் பயண நூலில் எழுதி வியந்தவர் ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி. மறுபுறம், ஜப்பானில் டாலிஸ்கர் ஹைபாலின்மேல் கருமிளகு திரித்துத் தூவும் வழக்கம் உண்டு. அந்த மால்ட்டின் காரத்தை வெளியிலிருந்து ஒருமுறை அடிக்கோடிடுவது அது. கடலின் உப்புக்குப் புகையைச் சேர்ப்பவரும், புகைக்கு மிளகைச் சேர்ப்பவரும் ஒரே தர்க்கத்தில்தான் செயல்படுகிறார்கள்.

எதிரெதிர் முனைகளில் இருப்பதாகத் தோன்றும் இருவரும் சந்திக்கும் இடம் 20 விழுக்காடு. ஸ்காட்லாந்தின் கலவை வல்லுநர்கள் பீப்பாய் மாதிரிகளை எடைபோடும்போது தண்ணீர் விட்டு ஏறத்தாழ அந்த அளவுக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். எரிப்பு அடங்கி, குறையும் நிறையும் அங்கே தெளிவாகப் பிரிகின்றன. ஜப்பானியப் பார்களில் ட்வைஸ் அப் என்று ஒரு பரிமாறல் உண்டு: ஐஸ் இல்லை, குளிர் இல்லை, விஸ்கியும் தண்ணீரும் சரிபாதி. 40 விழுக்காட்டு மால்ட் அப்போது 20-இல் வந்து நிற்கும். துளியைப் போற்றும் ஸ்காட்லாந்து தன் ஆய்வறையில் சரிபாதிக்கும் மேலே தண்ணீர் ஊற்றுகிறது. குளிரைப் போற்றும் ஜப்பான் மணத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் ஐஸைக் கைவிடுகிறது. தத்தம் கொள்கையை இருவரும் தளர்த்துவது ஒரே புள்ளியில்.

இனி நம் கையிலிருக்கும் புட்டிக்கு வருவோம். ஷெர்ரி பீப்பாயில் 18 ஆண்டு கிடந்த மெக்காலனோ கிளென்பார்க்ளஸோ ஸ்காட்லாந்து முறையைத்தான் கேட்கும். குளிர் அதன் உலர்பழ மணத்தை மூடி, மரத்தின் துவர்ப்பை முன்னே தள்ளிவிடும். முதலில் அப்படியே ஒரு மிடறு, பிறகு அரைத் தேக்கரண்டித் தண்ணீர், சில நிமிடம் பொறுமை. பூர்பன் பீப்பாயில் வளர்ந்த கிளென்மோரஞ்சி ஒரிஜினல் போன்ற இளைய, இலகுவான மால்ட்டும், டாலிஸ்கர், கவுல் ஈலா போன்ற புகை மால்ட்டுகளும் சோடாவுக்குத் தயங்காமல் இறங்கிவரும். அவற்றின் எலுமிச்சையும் புகையும் நான்கு மடங்கு நீரிலும் கரைந்து மறைவதில்லை. பீப்பாய் வலிமைச் சரக்கானால் 60 விழுக்காட்டு 30 மில்லிக்கு 15 மில்லி தண்ணீர். அது 40-இல் வந்து நிற்கும். முன்பின் பழகாத புட்டி என்றால் சரிபாதியில் தொடங்குவதே நல்லது. அங்கிருந்து எந்தப் பக்கம் போகலாம் என்பதை அந்த மால்ட்டே காட்டும்.

தீவிரம் பேசுவோர் இரு பக்கமும் உண்டு. ஆனால் இரு நாடுகளின் நடைமுறையும் அவர்களைவிட நெகிழ்வானது. ஜப்பானியப் பார்காரர் அரிய பழைய மால்ட்டை ஐஸ் இல்லாமல்தான் வைப்பார், பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு. ஸ்காட்லாந்தின் டால்வின்னி வடிசாலை தன் விண்டர்ஸ் கோல்டை ஃப்ரீசரில் குளிரவைத்துக் குடிக்கச் சொல்கிறது. ஸ்காட்லாந்தினுடையது குடிப்பவரின் தீர்ப்பை நம்பும் பண்பாடு. மற்றது ஊற்றுபவரின் பயிற்சியை நம்பும் பண்பாடு. நாம் எந்த நாட்டைப் பின்பற்றுவது என்பதைவிட, இவ்விரண்டு நம்பிக்கைகளில் எது இன்றைய புட்டிக்குப் பொருந்தும் என்று கேட்பதே பயன் தரும். வீட்டில் ஊற்றுபவரும் குடிப்பவரும் ஒருவரே. அளக்கும் பொறுப்பும் போதும் என்று நிறுத்தும் பொறுப்பும் அந்த ஒருவருக்கே.