எத்தனை தலையணை?

இரவில் மூச்சுத் திணறுகிறது என்று போனால், "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்பதுண்டு. வேடிக்கையான கேள்வி அன்று. படுத்தால் திணறல், எழுந்து உட்கார்ந்தால் தணிவு என்றால் கோளாறு இதயத்தில் இருக்கலாம்.

தாமிரபரணிக் கரை வாசகருக்கு இதை விளக்குவது எளிது. கால்வாயில் மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே தேங்கி, அக்கம்பக்கத்து வயலெல்லாம் ஊறிப்போகிறதல்லவா? இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கு நடுவே ஈரிதழ் வால்வு என்றொரு மடை இருக்கிறது. அது சுருங்கினால், நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் வழியின்றித் தேங்கும். படுத்ததும் கால்களில் நின்ற இரத்தமும் மார்புக்கு வந்து சேர, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நோயாளி நள்ளிரவில் எழுந்து சன்னலைத் தேடுவது இதனால்தான்.

நம் நாட்டில் இந்த மடையைக் கெடுப்பது பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் தொண்டைப் புண், பிறகு மூட்டு வீக்கம், சில ஆண்டுகள் கழித்து இதயம். இருபது வயதுப் பெண்ணுக்குத் திணறல் வந்தால் வெறும் 'இழுப்பு' என்று எண்ணிவிடுவது எளிது.

1925இல் லண்டனில் ஹென்றி சௌட்டர் என்பவர், துடிக்கும் இதயத்துக்குள் விரலை நுழைத்து ஒரு சிறுமியின் வால்வை விரித்தார். அவள் பிழைத்தாள். ஆனாலும் வேறொரு நோயாளியை அவரிடம் அனுப்ப எந்த மருத்துவரும் துணியவில்லை! இருபத்து மூன்று ஆண்டுகள் வீணாயின. 1948 ஜூனில்தான் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கனும், சில நாள் இடைவெளியில், தனித்தனியே வெற்றி கண்டனர்.

மறு ஆண்டே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே ஸ்டான்லி ஜான் குழுவினர் 1983இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: 3,724 பேர்! அத்தனை பேருக்கும் இதயத்தைப் பிளக்காமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே வால்வை விரித்திருக்கிறார்கள். இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டாம், செலவும் குறைவு. நெல்லையிலிருந்து வேலூர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தோன்றியதே 1965இல்தான்.

1982இல் ஜப்பானியர் கஞ்சி இனோவே, தொடை இரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரித்தார். பலருக்குக் கத்தியே தேவையில்லாமற் போயிற்று. முதியவர்களுக்கு வரும் இரவுத் திணறலுக்கு இரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் காரணமாகலாம். நெஞ்சு வலியும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கோ மூன்று வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில் போடவேண்டும்.