பழைய ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு விமான இறக்கை

வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதாகிவிட்டால் என்ன செய்வோம்? பழைய இரும்புக் கடையில் போடுவோம். 1980களில் அமெரிக்காவில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் சிலர், இதற்கு நேர் எதிராக, பழைய இரும்புக் கடைகளுக்குப் போய் ஃப்ரிட்ஜின் அடியில் இருக்கும் கம்ப்ரஸரை மட்டும் கழற்றி வாங்கி வந்தார்கள். அதோடு கொஞ்சம் பாலிதீன் தாள், சமையலறையில் கை துடைக்கும் காகிதம், துணிக்கடையில் வாங்கிய நைலான் துணி. இவற்றை வைத்து அவர்கள் செய்தது விமானத்தின் இறக்கை. அதுவும் பெரிய தொழிற்சாலைகளில் செய்ததற்குச் சற்றும் குறையாத துல்லியத்துடன்!

இந்த முறைக்கு 'வாக்யூம் பேகிங்' என்று பெயர். தமிழில் வெற்றிடப் பை முறை என்று சொல்லலாம். பசை தடவிய பொருளை ஒரு பைக்குள் போட்டு, பையில் இருக்கும் காற்றை வெளியே இழுத்துவிட்டால், வெளியே இருக்கும் காற்று பையை நாலாபுறமும் அழுத்தும். பசை காயும் வரை அந்த அழுத்தம் மாறாமல் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

வெற்றிடம் 'உறிஞ்சுகிறது' என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. வெற்றிடத்துக்கு உறிஞ்சும் சக்தி எதுவும் கிடையாது. வேலை செய்வது நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று மண்டலத்தின் எடை. 1650களில் ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரத் தலைவராக இருந்த ஓட்டோ வான் கெரிக்கே இதை ஊரறியக் காட்டினார். இரண்டு செம்பு அரைக் கோளங்களை ஒன்றாகப் பொருத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தார். குதிரைகளால் பிரிக்க முடியவில்லை. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது காற்று சுமார் 10 டன் எடையுடன் அழுத்துகிறது. ஏழை பணக்காரன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் அழுத்தம் இது. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தேவையான கருவிகள்தான் இலவசமாகக் கிடைக்கவில்லை.

விமானத் தொழில் பைக்குள் காற்றை வைத்து அழுத்தும் யோசனையை வெகு சீக்கிரமே பிடித்துக்கொண்டது. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், பின்னாளில் லாக்ஹீட் என்று புகழ் பெற்ற சகோதரர்களும் ஜான் நார்த்ராப் முதலியோரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கான்கிரீட்டில் விமான உடலின் பாதி வடிவத்துக்கு ஒரு குழி அச்சு. அதற்குள் பசை தடவிய மெல்லிய மரத் தகடுகள். மேலே ஒரு ரப்பர் பை. பையில் காற்றை ஊதினால் மரத் தகடுகள் அச்சோடு ஒட்டி வளைந்துவிடும். 1927ல் பறந்த லாக்ஹீட் வேகா விமானத்தின் உடல் இப்படித்தான் செய்யப்பட்டது. 1932ல் அமீலியா இயர்ஹார்ட் தனியாக அட்லாண்டிக் கடலைக் கடந்தது இந்த வேகாவில்தான். அங்கே பைக்குள் காற்றை ஊதினார்கள், வெற்றிடப் பை முறையில் காற்றை எடுக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

அடுத்த இருபது வருடங்களில் பொருட்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1930களில் கண்ணாடி இழை. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டனும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் தனித்தனியே உருவாக்கிய எபாக்சி பிசின். (நம் வீடுகளில் உடைந்ததை எல்லாம் ஒட்டப் பயன்படும் அரால்டைட்டை சீபா நிறுவனம் 1946ல் சந்தைக்குக் கொண்டு வந்தது.) 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனத்திடமிருந்து நாம் தெர்மோகோல் என்று அழைக்கும் வெள்ளை நுரை. அதே காலத்தில் டூபாண்ட் நிறுவனத்தின் மைலார் என்ற வழவழப்பான பாலியெஸ்டர் தாள்.

இவற்றை வைத்து முழு அளவு விமானம் செய்யலாம் என்று முதலில் காட்டியவர்கள் யார்? கல்லூரி மாணவர்கள்! ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் 'அகாஃப்ளீக்' என்ற மாணவர் பறத்தல் குழு இருந்தது. அங்கிருந்து வந்த ஹெர்மன் நேகலே, ரிச்சர்ட் எப்ளர் ஆகியோரின் முயற்சியில், கண்ணாடி இழைத் தோலும் நடுவில் பால்சா மரமுமாக உருவான ஃபீனிக்ஸ் என்ற கிளைடர் 1957 நவம்பர் 27 அன்று பறந்தது. உலகின் முதல் கண்ணாடி இழைக் கிளைடர் அது. மரத்தில் செய்த இறக்கையின் மேற்பரப்பில் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் இருந்தே தீரும். காற்று அவற்றில் தடுக்கிக் குழம்பும். அச்சில் வார்த்த கண்ணாடி இழையில் அந்தக் குறை இல்லை. இந்த எப்ளரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கிட்டுக் கொடுத்த இறக்கை வடிவங்களை மாதிரி விமானக்காரர்கள் பல வருடங்கள் பயன்படுத்தினார்கள்.

அமெரிக்காவில் பர்ட் ரூட்டான் இன்னொரு கதவைத் திறந்தார். 1975ல் பறந்த அவருடைய வேரி-ஈஸ் விமானத்துக்கு அச்சே தேவையில்லை. சூடான கம்பியால் நுரைப் பலகையை இறக்கை வடிவத்தில் வெட்டி, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி எபாக்சி பூசிவிட வேண்டியதுதான். கார் நிறுத்தும் கொட்டகையிலேயே மனிதர் ஏறிப் பறக்கும் விமானம் தயார். ரூட்டானும் சிறு வயதில் மாதிரி விமானங்கள் செய்து வளர்ந்தவர்தான்.

மாதிரி விமானங்களுக்கும் இதே வழி ஒத்துவரும் என்று தோன்றும். ஆனால் கையால் பூசும்போது பிசின் அதிகமாகிவிடும். துணியின் எடை அளவுக்கோ அதற்கு மேலோ கூடப் பிசின் தங்கிவிடுவது உண்டு. மனிதர் ஏறும் விமானத்துக்குச் சில கிலோ கூடினால் சமாளிக்கலாம். மொத்தமே ஒன்றரைக் கிலோ எடையுள்ள கிளைடருக்கு 100 கிராம் கூடினாலே பெரிய சுமை. பிசின் பூசிய பரப்பு கரடுமுரடாகவும் இருக்கும். தேய்க்க வேண்டும், மறுபடி பூச வேண்டும், மறுபடி தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க வடிவம் மாறும்.

வடிவம் கொஞ்சம் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இதற்குப் பதில் 1989ல் வந்தது. மைக்கேல் செலிக், ஜான் டோனோவன், டேவிட் ஃப்ரேசர் ஆகியோர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக் காற்றுச் சுரங்கத்தில், மாதிரி விமானங்கள் பறக்கும் குறைந்த வேகத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். சோதனைக்கான இறக்கைத் துண்டுகளைச் செய்து கொடுத்தவர்கள் மாதிரி விமான ஆர்வலர்கள். அவர்கள் செய்த துண்டுகள் வரைபடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதையும் அளந்து வெளியிட்டார்கள். அகலம் 20 சென்டிமீட்டர் உள்ள இறக்கையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 0.2 மில்லிமீட்டர். உப்புத்தாளை நாலு தடவை கூட இழுத்தால் போய்விடும் அளவு! அந்தச் சோதனையிலிருந்து பிறந்த எஸ்.டி.7037 போன்ற வடிவங்கள் உலகெங்கும் கிளைடர்களில் ஏறின. ஆனால் காகிதத்தில் இருக்கும் வடிவத்தை இறக்கையாக மாற்றத் தெரிந்தவர்களுக்குத்தான் அவை பயன்பட்டன.

அதற்குத் தேவைப்பட்டதுதான் வெற்றிடப் பை. விமானத் தொழிற்சாலைகளில் அது ஏற்கெனவே இருந்தது. அங்கே பையோடு சேர்த்து 'ஆட்டோகிளேவ்' என்ற மாபெரும் பிரஷர் குக்கர் போன்ற உலைக்குள் தள்ளுவார்கள். வெப்பம் தாங்கும் பை, ஒட்டாத படலம், பிசினை உறிஞ்சும் விரிப்பு, விளிம்பை அடைக்கும் பசை நாடா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள், தனி விலை. அதில் பெரும்பாலானவற்றை ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிவார்கள். வணிகவியல் படிப்பவர்கள் உடனே கேட்பார்கள்: நிலையான செலவு எவ்வளவு, ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு எவ்வளவு? வருடத்துக்கு இரண்டு இறக்கை செய்பவருக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது.

எனவே அவர்கள் ஒவ்வொரு பொருளாக எடுத்து, 'இது உண்மையில் என்ன வேலை செய்கிறது?' என்று பார்த்தார்கள். வெப்பம் தாங்கும் பை எதற்கு? எபாக்சி சாதாரண அறை வெப்பத்திலேயே காயும்போது பாலிதீன் தாள் போதும். உறிஞ்சும் விரிப்பு எதற்கு? பையின் எல்லா மூலைகளிலிருந்தும் காற்று வெளியேற வழி வேண்டும், வழியும் பிசின் தங்க இடம் வேண்டும். காகிதத் துண்டோ மெத்தைக்குள் வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சோ அதைச் செய்துவிடும். பிசின் காய்ந்த பின் உரித்தெடுக்கும் துணிக்குப் பதிலாக, மேற்பூச்சு இல்லாத நைலான் துணி. விளிம்பை அடைக்க, குளிர்நாடுகளில் ஜன்னல் இடுக்குகளில் வைத்து அமுக்கும் களிமண் போன்ற நாடா. கடைசியாகப் பம்ப்: ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரின் வேலையே ஒரு பக்கம் வாயுவை இழுத்து மறுபக்கம் தள்ளுவது. இழுக்கும் பக்கத்தில் குழாயை மாட்டினால் வெற்றிடப் பம்ப்! அதுவும் கிடைக்காதவர்கள் மீன் தொட்டிக்குக் காற்று அனுப்பும் சிறு பம்பைப் பிரித்து, வால்வுகளைத் திருப்பி வைத்தார்கள். சைக்கிள் பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷரைத் திருப்பிப் போட்டாலும் அது காற்றை இழுக்கும். ஆனால் பிசின் காயும் வரை இரவு முழுக்க அடிக்க ஆள் வேண்டும்!

இரவு முழுவதும் பம்ப் ஓடினால் சூடாகும் என்பதற்கும் வழி கண்டார்கள். இரண்டு பக்கமும் மூடிய பி.வி.சி. குழாய் ஒன்றை வெற்றிடத் தொட்டியாக இடையில் வைத்து, அழுத்தம் மாறும்போது தானாக இயங்கும் ஒரு சுவிட்சையும் பொருத்தினார்கள். பையில் சிறு கசிவு இருந்தாலும் பம்ப் எப்போதாவது ஒரு முறை ஓடி நின்றுவிடும்.

இதில் ரசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. மலிவான பம்பால் முழு வெற்றிடத்தை எட்ட முடியாது. ஆனால் முழு வெற்றிடம் இவர்களுக்குத் தேவையே இல்லை! தெர்மோகோல் நசுங்கிவிடும். காற்றழுத்தத்தில் கால் பங்கு, அதாவது 8 அங்குலப் பாதரச அளவு இருந்தாலே போதுமானது. ஒன்றரை மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் உள்ள இறக்கையின் மீது அதுவே 800 கிலோவுக்கு மேல் வருகிறது. ஒரு மாருதி 800 காரைத் தூக்கி இறக்கை மேல் சீராகப் பரப்பி வைத்தால்கூட இந்த அளவு வராது. முன்பு இதற்குச் செங்கல்லையும் தடிப் புத்தகங்களையும் அடுக்கி வைப்பார்கள்.

மேற்பரப்பின் வழவழப்புக்கு மைலார் தாள் கை கொடுத்தது. இறக்கையின் அளவுக்கு மைலாரை வெட்டி, மெழுகு தடவித் துடைத்து, அதன் மேலேயே பெயிண்ட் அடித்துக் காயவிடுவார்கள். அதன் மேல் கண்ணாடி இழைத் துணி, எபாக்சி. மிஞ்சிய பிசினைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுவார்கள். பிறகு மேலும் கீழுமாக இரண்டு மைலார் தாள்களுக்கு நடுவே நுரை இறக்கையைச் சொருகிப் பைக்குள் தள்ள வேண்டியதுதான். நுரைப் பலகையிலிருந்து இறக்கையை வெட்டியபோது மிஞ்சிய மேல் கீழ்த் துண்டுகளையும் எறிய மாட்டார்கள். அவைதான் இறக்கைக்குப் படுக்கை. அந்தப் படுக்கையில் வைக்காவிட்டால் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்தோ முறுக்கியோ காய்ந்துவிடும். காய்ந்த பின் அதை நிமிர்த்த வழியே கிடையாது. சரியாகச் செய்தால், மறுநாள் காலையில் மைலாரை உரிக்கும்போது பெயிண்ட் அடித்துப் பாலிஷ் போட்ட இறக்கை வெளியே வரும். உப்புத்தாளுக்கு வேலையே இல்லை. செலிக் குழுவினர் கவலைப்பட்ட 0.2 மில்லிமீட்டர் இங்கேதான் காப்பாற்றப்பட்டது.

மலிவுக்கு விலை இல்லாமல் இல்லை. பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்தது ஓசோன் படலத்தை அரிக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயு. கம்ப்ரஸரின் குழாயை அறுத்தால் அது நேரே வானத்துக்குப் போகும். 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992 ஜூலை முதல் இப்படித் தெரிந்தே வெளியேற்றுவது அமெரிக்காவில் சட்ட விரோதமானது. வாயுவை முறைப்படி வெளியே எடுத்த பிறகே கழற்ற வேண்டும். எபாக்சியும் சாதுவான பொருள் அல்ல. கையுறை போடாமல் பழகியவர்களில் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்து, பிறகு எபாக்சி டப்பாவைத் திறந்தாலே உடம்பு தடிக்கும் நிலை ஆனது. சில டாலர் கையுறையில் மிச்சம் பிடித்ததற்குப் பொழுதுபோக்கையே விட வேண்டி வந்தது.

2000ஐ ஒட்டி, கிளைடரின் இறக்கை நுனியைப் பிடித்து வட்டு எறிவது போல உடம்பைச் சுழற்றி வீசும் முறை பரவியது. இறக்கை நீளம் ஒன்றரை மீட்டருக்குள், மொத்த எடை சுமார் 300 கிராம். ஆனால் வீசும் கணத்தில் இறக்கையை முறுக்கும் விசை பயங்கரமானது. பால்சா மரச் சட்டத்தில் செய்த இறக்கை தாக்குப்பிடிப்பது கடினம். மெல்லிய நுரையின் மேல் கெவ்லர், கண்ணாடி அல்லது கார்பன் இழைத் துணியைச் சாய்வாகப் போர்த்தி வெற்றிடப் பையில் அழுத்திய இறக்கை தாங்கியது. எம்.ஐ.டி. பேராசிரியர் மார்க் ட்ரேலா இதற்கென்று 'சூப்பர்ஜீ' என்ற கிளைடரை வடிவமைத்து, வரைபடங்களை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். 1988ல் கிரீட் தீவிலிருந்து சான்டொரினிக்கு மனிதன் கால்மிதியால் மட்டுமே 115 கிலோமீட்டர் பறந்த டீடலஸ் விமானத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர் அவர். அவருடைய எக்ஸ்ஃபாயில் மென்பொருளும் இலவசம். இறக்கை வடிவத்தைக் கணக்கிடுவது இலவசம், அழுத்தும் காற்று இலவசம், இடையில் இருந்த கருவிகளும் அனேகமாகக் குப்பையிலிருந்து வந்தவை!

பின்னர் சந்தை மாறியது. பெட்டியைத் திறந்து அன்றே பறக்கவிடும் நுரை விமானங்கள் சீனாவிலிருந்து குவிந்தன. போட்டிக் கிளைடர்கள் கணினி இயந்திரத்தில் கடைந்த அச்சுகளில் வார்க்கப்பட்டு, ஐரோப்பாவின் சிறு பட்டறைகளிலிருந்து விலைக்கு வருகின்றன. அவையும் வெற்றிடத்தில்தான் அழுத்தப்படுகின்றன. ஒரு நல்ல கிளைடரை வாங்க ஆகும் பணத்தில் பம்ப், பை, எபாக்சி எல்லாம் வாங்கிப் பல இறக்கைகள் செய்யலாம். ஆனால் அதற்கு ஆகும் இரவுகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் பலரும் வாங்குவதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னும் கைவிடாதவர்களில் மாணவர்கள் முக்கியமானவர்கள். 1990களின் பின்பாதியிலிருந்து அமெரிக்காவில் நடந்துவரும், மாணவர்களே விமானம் வடிவமைத்து, கட்டி, பறக்கவிடும் போட்டிக்குப் பல அணிகள் பல்கலைக்கழகப் பட்டறைகளில் பை கட்டித்தான் இறக்கை செய்கின்றன. சின்னப் பாகங்களுக்குத் தனிப் பம்ப் கூட வேண்டியதில்லை. காய்கறியையும் இறைச்சியையும் காற்றுப் புகாமல் அடைக்கும் சமையலறை இயந்திரத்திலேயே வைத்து எடுத்துவிடுகிறார்கள்.