சேற்றுக்கால்களை எண்ணியவர்கள்: திருவனந்தபுரமும் ஓர் ஆய்வுப் பரிமாற்றத்தின் வரலாறும்

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆசிரியர் பரிமாற்றம் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் வந்தவர் பெயரையும் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் பதிவு செய்வதோடு நின்றுவிடுகின்றன. அப்பரிமாற்றத்தால் ஆய்வின் கேள்வி மாறியதா என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா. ‘பெண்களும் வளர்ச்சியும்’ என்னும் துறையைப் பொறுத்தவரை, 1970களிலும் 80களிலும் கேரளத்தில் நடந்த ஆய்வுகள் அதற்கு நல்ல விடை தருகின்றன.

1970களின் தொடக்கத்தில் பொருளியலாளர் கே. என். ராஜ் திருவனந்தபுரத்து உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தை உருவாக்கினார். அம்மையம் தயாரித்து ஐக்கிய நாடுகள் அவை 1975இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த வருமானத்திலும் கல்வியும் உடல்நலமும் உயரக்கூடும் என்பதற்குக் கேரளத்தை உலகின் முன் சான்றாக நிறுத்தியது. அதே ஆண்டு அனைத்துலகப் பெண்கள் ஆண்டும் ஆகும். டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்தர் போசரப், வளர்ச்சித் திட்டங்கள் பெண்ணின் உழைப்பைக் காணத் தவறுகின்றன என்று 1970இலேயே எழுதியிருந்தார். அவரும் 1950களின் இறுதியில் இந்தியாவில் தங்கிப் பணியாற்றியவரே. கோட்பாடு மேற்கிலிருந்து இங்கு ‘வந்தது’ என்று மட்டும் சொல்வது, ஆகவே, பாதி வரலாறு.

அக்காலத்தின் உடனடிச் சிக்கல் எண்ணிக்கையில் இருந்தது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒருவர் முதன்மையாக எதில் ஈடுபடுகிறார் என்பதை அடிப்படையாகக் கொண்டது. ‘வீட்டு வேலை’ என்று விடை கூறிய பெண், வயலில் நாற்று நட்டிருந்தாலும் உழைப்பாளர் பட்டியலிலிருந்து நழுவினார். 1961ஐ ஒப்பிட, பெண் உழைப்பாளர் எண்ணிக்கை இந்தியா முழுவதும் பெருமளவு சரிந்தது. சரிவு வயலில் எவ்வளவு நிகழ்ந்தது, வினாத்தாளில் எவ்வளவு நிகழ்ந்தது என்பது பெரும் விவாதமாயிற்று.

வளர்ச்சி ஆய்வு மையத்தின் லீலா குலாதி, பெண்களின் உழைப்புப் பங்கேற்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதை 1975இல் ஆராய்ந்தார். பின்னர் புள்ளிவிவரத்திலிருந்து மனிதரை நோக்கி நகர்ந்தார். 1981இல் வெளிவந்த அவரது நூல் கேரளத்தின் ஐந்து ஏழைப் பெண்களைப் பற்றியது: விவசாயக் கூலி, செங்கற்சூளைத் தொழிலாளி, மீன் விற்பவர், சித்தாள், கயிற்றுத் தொழிலாளி. இவர்களின் வேலை நாள்களையும் கடனையும் குடும்பப் பொறுப்பையும் வாழ்க்கை வரலாறாகவே எழுதினார். கணக்கெடுப்பின் ஒற்றைச் சொல் விடைக்குள் அடங்காதவை அவை.

இதே வினாவை வயலில் தொடுத்தவர்கள் இருவர். ஒருவர் நியூயார்க் நகரப் பல்கலைக்கழக மானிடவியலாளர் ஜோன் மென்ச்சர். 1950களின் பிற்பகுதி முதல் கேரளத்திலும், பின்னர் செங்கல்பட்டுப் பகுதியிலும் களப்பணி செய்தவர். மற்றவர் தில்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய கே. சாரதாமணி, கொல்லத்தில் பிறந்தவர். கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்கம் ஆகியவற்றின் நெல் விவசாயத்தில் பெண்களின் உழைப்பைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1982இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் வெளிவந்தது. அதன் தலைப்பே சேறு படிந்த கால்களையும் அழுக்கேறிய கைகளையும் பற்றியது. சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும் என்பது நம் வழக்கு. நடவிலும் களையெடுப்பிலும் அந்தக் கால் பெரும்பாலும் பெண்ணின் கால் என்பதை வழக்கு சொல்வதில்லை, ஆய்வு சொன்னது.

1988இல் மென்ச்சர் மேலும் ஒன்றை நிறுவினார். கேரள, தமிழகக் கூலிக் குடும்பங்களில் பெண்கள் தம் வருமானத்தில் குடும்பத்துக்குத் தரும் பங்கு, ஆண்கள் தருவதைவிட அதிகம். குடும்பத்தை ஒரே பணப்பையாகக் கருதிய பொருளியலுக்கு இது நேரடி மறுப்பு. பெண்ணின் வேலை நாள் ஒன்று குறைந்தால் முதலில் குறைவது குழந்தையின் தட்டு என்றால், நடவை எந்திரமயமாக்கும் முடிவும் பாலினக் கொள்கையே ஆகிறது.

பரிமாற்றம் என்றும் சமனாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய ராபின் ஜெஃப்ரி, கேரளத்தின் நல்வாழ்வில் பெண்களின் இடத்தை 1992இல் நூலாக்கினார்; ‘கேரள மாதிரி’யின் புகழ் பரவியது. கல்வி பெற்ற அதே பெண்கள் இல்லறம் என்னும் வார்ப்புக்குள் எவ்வாறு அடைக்கப்பட்டனர் என்ற கடுமையான வினாவை, மலையாள மூலங்களைத் தோண்டி எழுப்பியவர் திருவனந்தபுரத்து வரலாற்றாளர் ஜே. தேவிகா. மொழிக்குள் வாழ்பவரின் திருத்தம் இல்லாமல் வெளியாரின் வியப்பு முழுமையான அறிவாவதில்லை. நூல்களின் அட்டையில் ஆய்வாளர் பெயர் நிற்கிறது. வீடு வீடாகச் சென்று விடைகளைத் திரட்டியவர்களும், கூலி வேலைக்கு நடுவே விடை சொன்ன பெண்களும் பெரும்பாலும் நன்றியுரையின் ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இவ்வரலாறு இன்றைய நமக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது: நீண்ட களத் தங்கல், கூட்டு ஆசிரியம், உள்ளூர் மொழியில் உழைப்பு. மென்ச்சர்–சாரதாமணி கட்டுரைக்குப் பின்னால் இருபது ஆண்டுக்கு மேற்பட்ட களப் பழக்கம் இருந்தது. இன்று நம் துறைகள் தர மதிப்பீட்டுக்காகப் புரிந்துணர்வு ஒப்பந்தங்களின் எண்ணிக்கையையும் பயணங்களின் எண்ணிக்கையையும் நிரப்பி அனுப்புகின்றன. 1971இன் வினாத்தாள் செய்த பிழையும் இத்தகையதே: எண்ண எளிதானதை எண்ணியது, உழைப்பை விட்டுவிட்டது. அடுத்த பரிமாற்றத் திட்டத்தை வரையும் நண்பர்கள், அதில் கள ஆய்வாளரின் பெயர் எங்கே இடம்பெறும், முடிவுகள் தமிழிலோ மலையாளத்திலோ அப்பெண்களிடம் எவ்வாறு திரும்பும் என்ற இரு வரிகளையும் எழுதிச் சேர்க்க வேண்டும்.