பிம்பம் – வடிவம் – அதிகாரம்: சில குறிப்புகள்

காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தை ஜினகாஞ்சி என்பார்கள். அங்கே திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகரத் தண்டநாயகர் இருகப்பர் 1387-88இல் கட்டினார். பின்னாளில் அதன் விதானத்தில் ரிஷபநாதர், வர்த்தமானர், நேமிநாதர் கதைகள் கட்டம் கட்டமாகத் தீட்டப்பட்டன. கீழே தமிழில் விளக்கம். வண்ணம் உதிர்ந்திருக்கிறது. ஆனால் மிச்சமிருப்பதைப் பார்க்க யாருடைய உரிமமும் வேண்டாம், அண்ணாந்தால் போதும்.

வீடியோ பிம்பத்தின் வரலாறு வேறு. கேமரா விலை குறைந்ததும் பிம்பம் ஜனநாயகமாகிவிட்டது என்று நம்ம தோழர்கள் பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. அர்த்தம் உருவாவது வெட்டி ஒட்டும் மேசையில். அந்த மேசை யார் கையில் என்பதுதான் கேள்வி.

1995இல் மினி-டி.வி. நாடா வந்தது (தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ). இதில் ஒவ்வொரு சட்டகமும் தனக்குள் முழுமையானது. ஒரு மணி நேர நாடா சுமார் 13 ஜிகாபைட். ஃபயர்வயர் கம்பியைச் செருகினால் நாடாவில் இருந்தது அப்படியே கணினிக்குள் இறங்கியது. 1999இல் ஃபைனல் கட் ப்ரோ வந்தது. அதே ஆண்டு ஜூலை 23இல் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்', பிறகு 2003இல் அமுதனின் 'பீ' என, அரசின் சொல்லாடலுக்கு எதிரான சாட்சியங்கள் உருவான காலம் இது.

2003இல் எச்.டி.வி., 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. இவற்றில் முழுச் சட்டகம் எப்போதாவது ஒன்றுதான். மற்றவை அக்கம்பக்கத்துச் சட்டகங்களிலிருந்து தாம் வேறுபடுவதை மட்டும் குறித்துவைப்பவை. இடம் மிச்சம்தான். ஆனால் வெட்ட நினைக்கிற இடத்தில் முழுப் படம் இருக்காது. கணக்குப்போட்டு உருவாக்க வேண்டும். அதற்குப் பழைய கணினியின் வேகம் போதாது.

2007இல் ஃபைனல் கட் ப்ரோ ஏ.வி.சி.எச்.டி.யை ஏற்றது. எப்படி? இன்டெல் பொருத்திய மேக்கில் மட்டும், அதுவும் ப்ரோரெஸ் போன்ற வேறு வடிவத்துக்கு மாற்றித்தான். வினாடிக்கு 24 மெகாபிட்டாக இருந்தது 120ஐத் தாண்டியது. அட்டையில் மிச்சம் பிடித்தது வட்டில் ஐந்து மடங்காகப் போச்சு. கடன் வாங்கிப் பழைய மேக் வாங்கினவன் கதி?

நெசவாளர் கூட்டமொன்றின் பதிவை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். "இந்த ஃபார்மேட் எடுக்காது சார், புது சிஸ்டம்தான் வாங்கணும்" என்றார்கள். கூலி பற்றி ஓர் அம்மா பேசியது அட்டைக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. கடைசியில் திறந்துகொடுத்தது எஃப்.எஃப்.எம்பெக், 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். தறி தன்னுடையது, பாவும் ஜரிகையும் முதலாளியுடையது என்று வாழ்கிற நெசவாளிக்கு இந்த அரசியலை நாம் விளக்க வேண்டியதில்லை. நமக்குத்தான் விளக்கணும்.

ஆகவே ஏ.வி.சி.எச்.டி. அட்டையிலிருந்து எம்.டி.எஸ். துண்டுகளை மட்டும் உருவாதீர்கள். நீண்ட பேச்சைக் கேமரா துண்டுகளாகத்தான் எழுதுகிறது. அவற்றைக் கோக்கும் குறிப்பு வேறு கோப்பில் இருக்கிறது. அடைவை முழுசாக நகலெடுங்கள். நாடா இருந்தால், அதை ஓட்டும் கருவி உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். கட்டற்ற மென்பொருளில் திறக்கிறதா என்று பாருங்கள். போராட்டத்தைப் படமெடுப்பது பாதி வேலை. இருபது வருஷம் கழித்து, எந்த நிறுவனத்தையும் கேட்காமல் அதைத் திறக்க முடிவது மீதிப் பாதி.