கழட்டிப் போட்டா ரேஸ் கார்!

ரேஸ் காருன்னு சொன்னதும் கோடிக்கணக்குல பணம், ஸ்பான்சர் ஸ்டிக்கர், டிவியில பறக்குற ஃபார்முலா 1 வண்டி, இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும். அது பெரிய இடத்து சமாச்சாரம். ஆனா கொஞ்சம் பின்னாடி புரட்டிப் பார்த்தா, அந்தப் பெரிய இடத்து ஆளுங்களே பழைய குடும்பக் கார் ஒண்ணை வாங்கி, கூரை, கதவு, சீட்டுன்னு ஒவ்வொண்ணா கழட்டித்தான் ஆரம்பிச்சிருக்காங்க.

கதாநாயகன், ஆஸ்டின் 7. 1922ல இங்கிலாந்துல வந்த குட்டிக் கார். அப்போ அங்கே சிலிண்டர் விட்டத்தை வச்சு ஒரு குதிரைசக்தி கணக்குப் போட்டுத்தான் கார் வரி வாங்குவாங்க. விட்டத்தை (இன்ச்ல) ஸ்கொயர் பண்ணி, சிலிண்டர் எண்ணிக்கையால பெருக்கி, 2.5ஆல வகுக்கணும். 2.2 இன்ச், 4 சிலிண்டர்னு போட்டுப் பாருங்க, ஏழே முக்கால் கிட்ட வரும். பேர்ல இருக்குற 7 வரிக் கணக்குல இருந்து வந்தது! எஞ்சின் வெறும் 747 சிசி. 1939 வரைக்கும் கிட்டத்தட்ட 2,90,000 வண்டி செஞ்சாங்க. மோட்டார் சைக்கிள்ல சைடு கார் மாட்டி குடும்பத்தோட நனைஞ்சுகிட்டே போன ஆளுங்களுக்கு நிஜமான ஒரு கார் கிடைச்சது.

உலகப்போர் முடிஞ்ச பிறகு நிலைமையே வேற. புதுக் கார்ல பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போயிடுச்சு. உள்ளூர்க்காரனுக்குக் கிடைச்சது போருக்கு முந்தின பழசுதான். அதுல சல்லிசா கிடைச்சது ஆஸ்டின் 7. மரச்சட்டம் வச்ச பாடி உளுத்துப் போயிருக்கும், ஆனா அடியில சேஸிஸும் எஞ்சினும் ஓடுற நிலைமையில இருக்கும். பாடியைத் தூக்கிக் கடாசுனா பாதி ரேஸ் கார் ரெடி.

சும்மா எடையைக் குறைச்சா என்ன பெரிய லாபம்னு கேக்கலாம். எஞ்சின் பவரைக் கூட்டினா வேகமெடுக்கும்போது மட்டும்தான் லாபம். எடையைக் குறைச்சா வேகமெடுக்க, பிரேக் பிடிக்க, வளைவுல திரும்ப, மூணுலயும் லாபம். டயரும் கம்மியா தேயும். முக்கியமா, பவரைக் கூட்டக் காசு வேணும். ஸ்பேனர் எடுத்துக் கழட்ட ஒரு ஞாயித்துக்கிழமை போதும் :-)

இந்த மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு கிளப் இருந்தது. 1939ல பில் பாடிங்கிற பத்திரிகையாளர் ஆரம்பிச்சு வச்ச 750 கிளப். போருக்கு அப்புறம் அவங்க 750 ஃபார்முலான்னு ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க. ஆஸ்டின் 7 எஞ்சினும் சேஸிஸும் இருக்கணும், சூப்பர்சார்ஜர் கூடாது. காசு இருக்குறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அடிப்படை, மிச்சம் அவனவன் மூளை. ஓட்ட இடம்? போர் முடிஞ்சு சும்மா கிடந்த விமானத்தளங்கள். சில்வர்ஸ்டோன் அப்படி வந்ததுதான்.

இங்கதான் காலின் சாப்மன் வர்றாரு. லண்டன்ல சிவில் இஞ்சினியரிங் படிச்ச பையன். படிச்சுக்கிட்டே பழைய கார் வாங்கி விக்கிற தொழில். 1947ல அரசாங்கம் சொந்தக் காருக்கான அடிப்படை பெட்ரோல் ரேஷனை நிறுத்தினதும் வியாபாரம் படுத்துடுச்சு. விக்காம தங்கின ஒரு ஆஸ்டின் 7ஐப் பிரிச்சு மேஞ்சாரு. காதலி ஹேசலோட வீட்டுக்குப் பின்னாடி இருந்த கராஜ்தான் ஒர்க்‌ஷாப். கழட்டினதோட நிக்காம, அலுமினியத் தகடு ஒட்டின பிளைவுட்ல புது பாடி செஞ்சாரு. பழைய பாடி சும்மா உக்காந்து வந்த பாரம். இவர் செஞ்ச பாடி வண்டிக்கு விறைப்பு குடுத்துச்சு. சிவில் இஞ்சினியரிங் மூளை! 1948ல வந்த அந்த வண்டிதான் முதல் லோட்டஸ்.

1951ல 750 ஃபார்முலாவுக்காகவே லோட்டஸ் மார்க் 3 செஞ்சாரு. ஆஸ்டின் 7ல நாலு சிலிண்டருக்கு ரெண்டே ரெண்டு இன்லெட் போர்ட். ரெண்டு சிலிண்டர் ஒரே வழியில காத்துக்கு அடிச்சுக்கும். சாப்மன் விதிமுறையை எழுத்தெழுத்தா படிச்சாரு. போர்ட்டுக்கு நடுவுல தடுப்பு வைக்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை. வச்சுட்டாரு! நாலு சிலிண்டருக்கும் தனித்தனி வழி. அந்த சீசன்ல அவரைப் பிடிக்க முடியலை. அடுத்து கிளப்காரங்க விதியை மாத்தி அந்த ஓட்டையை அடைச்சாங்க. ஸ்பெக் டாக்குமெண்ட்ல ஓட்டை கண்டுபிடிக்கிற பொட்டி தட்டுற மக்களுக்கு இவர்தான் குலதெய்வம்.

லோட்டஸ் பிறகு 7 முறை ஃபார்முலா 1 கன்ஸ்ட்ரக்டர் பட்டம் வாங்கினது. உலகத்தோட இன்னொரு மூலையில, நியூசிலாந்துல, புரூஸ் மெக்லாரன் 1952ல முதல் போட்டியில ஓட்டினதும் ஆஸ்டின் 7தான்.

ஆனா இந்தக் கழட்டுற வித்தைக்கு இன்னொரு முகமும் இருக்கு. லேசா செய்யுறோம்னு லோட்டஸ் வண்டிகள் ரொம்ப நொய்ஞ்சு போயிருக்குன்னு ஓட்டுநர்களே குறை சொன்னாங்க. அதுல ஒருத்தர் ஜோகன் ரிண்ட். 1970ல மோன்சாவுல அவர் ஓட்டின லோட்டஸ் 72ல முன் பிரேக் ஷாஃப்ட் உடைஞ்சு, வண்டி தடுப்பு வேலியில மோதி இறந்துட்டாரு. வேலி சரியா பதிக்காததும் ஒரு காரணம். அந்த வருஷ உலகப் பட்டம் அவர் இறந்த பிறகுதான் அவருக்குக் கிடைச்சது. எதைக் கழட்டலாம்னு தெரியறது பாதி வித்தைதான். எதைத் தொடவே கூடாதுன்னு தெரியறது மீதி.

இங்கிலாந்துல நடந்த இந்தக் கதை நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. சென்னை பக்கம் சோழவரத்துலயும் போர்க்கால விமான ஓடுதளத்துலதான் ரேஸ் நடந்தது. நம்ம ஊர் ஆஸ்டின் 7, 1983ல வந்த மாருதி 800. அதோட 796 சிசி எஞ்சினை வச்சு கோயம்புத்தூர் கரிவரதன் 1980கள் கடைசியில ஒத்தை சீட்டு ரேஸ் கார் செஞ்சாரு. அதுதான் ஃபார்முலா மாருதி. 1995ல அவர் விமான விபத்துல இறந்துட்டாரு. கோவை செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பேர்தான். அதே ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்ச இன்னொரு கோயம்புத்தூர் பையன் நரேன் கார்த்திகேயன், 2005ல ஃபார்முலா 1ல ஓட்டின முதல் இந்தியர் ஆனாரு.

747 சிசி அங்கே, 796 சிசி இங்கே. ரெண்டு இடத்துலயும் ரேஸுக்குக் கதவைத் திறந்தது, அப்பா அம்மா பிள்ளைகுட்டியோட கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போறதுக்காக செஞ்ச எஞ்சின். ஒரு ஊர்ல ரேஸ் ஓட்டுற ஆள் எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியணுமா? அங்கே ஓடுற காஸ்ட்லி காரை எண்ணாதீங்க. தைரியமாப் பிரிச்சுப் போடுற அளவுக்கு மலிவான கார் என்ன இருக்குன்னு பாருங்க.