நோவிக்: ஜனங்கள் கொடுத்த காசில் கட்டிய கப்பல்

"அவன் பெரிய எம்டன்" என்று சொன்னால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் அது. அதே எம்டன் அடுத்த மாதம் 28-ஆம் தேதி பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அன்று ஜெம்சுக்கின் கேப்டன் கரையில் இருந்தார். அந்தக் காலத்து ரஷ்யக் கடற்படை என்றாலே இப்படிப்பட்ட தோல்விக் கதைகள்தான் காதில் விழுகின்றன. ஆனால் அதே 1914-இல் அவர்களிடம் நோவிக் என்று ஒரு நாசகாரிக் கப்பல் இருந்தது. அன்றைக்கு உலகின் மிக வேகமான போர்க்கப்பல்களில் அதுவும் ஒன்று. இன்று அதன் கதையையும், அதைப் பார்த்துக் கட்டிய அதன் தம்பிகளின் கதையையும் சொல்கிறேன்.

1905 மே மாதம் சுஷிமா கடற்போரில் ஜப்பானியர்கள் ரஷ்யக் கப்பற்படையை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டார்கள். அந்தப் போர் நடக்கும்போதே கடற்படையைப் பலப்படுத்த ஜனங்களிடம் நன்கொடை திரட்ட ஒரு கமிட்டி அமைந்திருந்தது. பணம் வந்தது. சில கப்பல்கள் கட்டினார்கள். மிச்சப் பணத்தில், இருப்பதிலேயே நல்லதாக ஒன்று செய்வோம் என்று தீர்மானித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் நோவிக். ஜப்பானுடன் நடந்த போரில் சண்டையிட்டு, 1904-இல் சகாலின் தீவருகே தன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்ட ஒரு சிறிய குரூசரின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

1910-இல் பீட்டர்ஸ்பர்க் புத்திலோவ் தொழிற்சாலையில் வேலை தொடங்கியது. நீளம் 102 மீட்டர், எடை ஆயிரத்து இருநூறு டன்னுக்கு மேல். நான்கு 102 மில்லிமீட்டர் பீரங்கிகள், எட்டு டார்பிடோக் குழாய்கள். கடலில் கண்ணிவெடி போடும் வசதியும் உண்டு. எல்லாவற்றையும் விட முக்கியமானது, அது நிலக்கரியை விட்டுவிட்டு முழுக்க எண்ணெயில் ஓடியது. ரஷ்ய நாசகாரிகளில் இதுவே முதல் தடவை.

நான் அனல் மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் காலம் தள்ளியவன். நிலக்கரி என்ன பாடு படுத்தும் என்பது எனக்குத் தெரியும். எங்களுக்காவது கன்வேயரும் மில்லும் இருந்தன. அந்தக் காலத்துக் கப்பலில் மனிதன் மண்வெட்டியால் அள்ளிப் போடவேண்டும். சாம்பலை வழித்து எடுக்கவேண்டும். நெருப்பைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் நீராவி அழுத்தம் இறங்கும். எதிரி துரத்தும்போது அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும்? எண்ணெய் என்றால் வால்வைத் திறந்தால் போதும், சில நிமிடங்களில் அனல் ஏறும். ஆட்களும் குறைவு, புகையும் குறைவு. நோவிக்கில் ஆறு பாய்லர்கள், மூன்று டர்பைன்கள் இருந்தன.

டர்பைன்களும் பாய்லர்களும் ஜெர்மனியில் ஸ்டெட்டின் நகரத்து வுல்கான் கம்பெனியின் வடிவமைப்பு. ஒப்பந்தப்படி 36 நாட் வேகம் தரவேண்டும். முதல் சோதனை ஓட்டங்களில் அது எட்டவில்லை. கப்பலை ஸ்டெட்டினுக்கே கொண்டுபோய் பாய்லர்களை மாற்றியமைத்தார்கள். 1913 ஆகஸ்டில் 37.3 நாட் ஓடியது. மணிக்கு 69 கிலோமீட்டர். சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே ஜெர்மனியுடன் ரஷ்யாவுக்குப் போர் மூண்டது! ரஷ்யக் கப்பல்களுக்காகச் செய்து வைத்திருந்த டர்பைன்களை ஜெர்மானியர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு பெரிய நாசகாரிகள் கட்டினார்கள்.

நோவிக்கை மாதிரியாக வைத்து ரஷ்யா பால்டிக் கடலுக்கும் கருங்கடலுக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டி முடித்தது. கருங்கடலில் அவற்றின் முக்கிய வேலை, சொங்குல்டாக் சுரங்கங்களிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நிலக்கரி கொண்டுபோகும் துருக்கியக் கப்பல்களை மறிப்பது. எண்ணெயில் ஓடும் கப்பல் நிலக்கரிக் கப்பலை வேட்டையாடியது.

1915 ஆகஸ்ட் 17 அன்று ரீகா வளைகுடாவில், நான் மேலே சொன்ன பெரிய ஜெர்மன் நாசகாரிகளில் இரண்டு நோவிக்கின் எதிரே வந்தன. சண்டை இருபது நிமிஷம்கூட நீடிக்கவில்லை. வி-99 என்ற கப்பல் அடி வாங்கி விலகி ஓடும்போது கண்ணிவெடியில் சிக்கி அழிந்தது. மற்றது காயத்தோடு தப்பியது. அன்று நோவிக்கின் தளபதி மிகயில் பெரென்ஸ். அடுத்த வருஷம் நவம்பரில் பின்லாந்து வளைகுடாவுக்குள் நுழைந்த பதினொரு ஜெர்மன் நாசகாரிகளில் ஏழு, ரஷ்யர்கள் போட்டிருந்த கண்ணிவெடிகளில் ஒரே இரவில் போயின.

பிறகு 1917 வந்தது. புரட்சியும் வந்தது. எதிரி யார், எஜமான் யார் என்பதே மாறிப்போயிற்று.

1918 மார்ச்சில் ரஷ்யா ஜெர்மனியுடன் சமாதானம் செய்துகொண்டது. ஜெர்மன் படை கிரீமியாவுக்குள் வர, கருங்கடல் கப்பல்களில் பல செவஸ்தபோலை விட்டு நொவொரோசிஸ்க் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் திருப்பி ஒப்படைக்கும்படி ஜெர்மனி நெருக்கியது. மூழ்கடித்துவிடுங்கள் என்று லெனினிடமிருந்து ரகசிய உத்தரவு வந்தது. மாலுமிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பகுதி செவஸ்தபோலுக்கே திரும்பிப் போனது. மிச்சமிருந்தவை ஜூன் 18 அன்று ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. அந்த வேலையைச் செய்தது கெர்ச் என்ற நோவிக் வகை நாசகாரி. தன் சொந்தக் கடற்படையின் பெரிய போர்க்கப்பலான 'சுதந்திர ரஷ்யா'வையே அது டார்பிடோ போட்டுச் சாய்த்தது. மறுநாள் துவாப்ஸே அருகே தன்னையும் மூழ்கடித்துக்கொண்டது. அதன் தளபதி கூக்கெல் உத்தரவை நிறைவேற்றியவர். அவரையே இருபது ஆண்டு கழித்து, 1938-இல், அவர் சேவை செய்த அரசாங்கம் சுட்டுக் கொன்றது.

இந்த வகையில் இரண்டு கப்பல்களின் தலையெழுத்து வேறு மாதிரி. 1918 டிசம்பரில் தாலின் அருகே ஸ்பார்த்தாக், அவ்த்ரோயில் இரண்டையும் பிரிட்டிஷ் கப்பல்கள் பிடித்து எஸ்தோனியாவிடம் கொடுத்தன. எஸ்தோனியா 1933-இல் அவற்றைப் பெரு நாட்டுக்கு விற்றது. 1941-இல் ஈக்வடாருடன் நடந்த சண்டையில், பனிக்கடலுக்காகக் கட்டிய ஒரு கப்பல் தென் அமெரிக்க வெயிலில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு மனதில் அதிகம் நிற்பது பெரென்ஸ் சகோதரர்கள் கதை. நோவிக்கின் தளபதி மிகயில், புரட்சிக்கு எதிரான வெள்ளைப் படையில் சேர்ந்தார். 1920-இல் கிரீமியாவிலிருந்து தப்பிய கப்பல்கள், நோவிக் வகை நாசகாரிகள் உட்பட, ஆப்பிரிக்காவின் வடகரையில் பிசெர்தா துறைமுகத்தில் ஒதுங்கின. அந்தக் கூட்டத்துக்குக் கடைசித் தளபதி அவர்தான். அண்ணன் எவ்கேனி சோவியத் கடற்படைக்கே தலைமை தாங்கியவர். 1924-இல் பிரான்ஸ் சோவியத் அரசை அங்கீகரித்ததும், பிசெர்தா கப்பல்களைப் பார்வையிட மாஸ்கோ ஒரு குழு அனுப்பியது. அதில் அண்ணன் இருந்தார். அண்ணனும் தம்பியும் சந்திக்கவில்லை. கப்பல்களும் ஊர் திரும்பவில்லை. பழைய இரும்புக்குப் போயின. தம்பி துனீசியாவிலேயே 1943-இல் காலமானார். சொத்துத் தகராறில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவர்களுக்குள் சொத்துத் தகராறு கிடையாது. எந்தக் கொடிக்கு வணக்கம் செலுத்துவது என்பதுதான் பிரச்சினை. இருவருமே தாம் ரஷ்யாவுக்குத்தான் உழைத்தோம் என்று நம்பியிருப்பார்கள்.

கடைசியாக நோவிக். 1926-இல் அதன் பெயரை யாகோவ் ஸ்வெர்த்லோவ் என்று மாற்றினார்கள். 1941 ஆகஸ்டில் ஜெர்மானியர் தாலினை நெருங்கியபோது, அங்கிருந்து கப்பல்கள் கூட்டமாக வெளியேறின. வழியெங்கும் எதிரியின் கண்ணிவெடிகள். முப்பது வயதான அந்தக் கிழட்டுக் கப்பல் ஆகஸ்ட் 28 அன்று ஒரு கண்ணிவெடியில் பட்டு மூழ்கியது. 1916-இல் ஜெர்மானியரின் ஏழு கப்பல்களைக் கண்ணிவெடி விழுங்கியதே, அதே பின்லாந்து வளைகுடாதான்.

ரஷ்ய ஜனங்கள் ஜாருக்காக என்று கொடுத்த பணம், ஜாரும் போய், வைத்த பெயரும் போய், அதே ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது போரிலும் உழைத்துவிட்டுத்தான் கடலுக்குள் போனது. நன்கொடை கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்?